ஸ்ப்ரிண்ட் பட்டனை எடுத்துவிட்டால் ஹேலோவில் என்ன மிஞ்சும்?

நீலவாள்

ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமின் முதல் பாகத்தைப் புதிதாகச் செய்து வெளியிடப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள் அல்லவா, ‘கேம்பைன் இவால்வ்டு’ என்ற பெயரில்? அன்ரியல் எஞ்சின் 5, பிளேஸ்டேஷன் 5-இலும் வருகிறது, மூன்று புது மிஷன்கள் என்று ஏகப்பட்ட செய்தி. என் கண் அதிலெல்லாம் போகவில்லை. காட்டிய வீடியோவில் நாயகன் மாஸ்டர் சீஃப் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு ஓடினார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த ஓட்டத்தை, அதாவது ஸ்ப்ரிண்டை, வேண்டாதவர்கள் செட்டிங்கில் அணைத்துக்கொள்ளலாமாம். சரி, முதல் நாளே அணைத்துவிடுவேன். ஆனால் எதை இழக்கிறோம் என்று ஒருமுறையாவது நிதானமாகப் பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை. 2001-இல் வந்த ஆட்டத்தில் உங்களால் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ, அதே வேகத்தில் சுடவும் முடியும், குண்டு வீசவும் முடியும், அடிக்கவும் முடியும். முன்னால் போனாலும் பின்வாங்கினாலும் பக்கவாட்டில் ஆடினாலும் துப்பாக்கி நிமிர்ந்தே இருக்கும். அதாவது நகர்வதே சண்டையின் பாதி. ஸ்ப்ரிண்ட் வந்ததும் அது இரண்டாகப் பிளந்துவிட்டது: ஒன்று ஓடு, இல்லையென்றால் சுடு. என் குறை அவ்வளவுதான். வேகம் பிடிக்காத கிழவன் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

ரீச்வாசி

2010-இலிருந்து அரைத்த மாவையே அரைக்கிறோம். வேலை முடிந்து வந்து நானும் ஒரு கை போடுகிறேன்.

வேகன்99

ப்ரோ, நான் ஹேலோவுக்கு வந்ததே ‘ஹேலோ இன்ஃபினிட்’ என்ற புதிய பாகத்தில். அதற்கப்புறம்தான் பழைய பாகங்களின் தொகுப்பான மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷனில் முதல் பாகத்தைத் திறந்தேன். ‘அசால்ட் ஆன் த கன்ட்ரோல் ரூம்’ மிஷன் இருக்கிறதே, ஒரே மாதிரி அறை, ஒரே மாதிரி பாலம், மறுபடி அதே அறை. எதிரிகளை எல்லாம் முடித்துவிட்டுக் காலியான பாலத்தில் நடக்கும்போது முழங்கால் வரை சேற்றில் நடப்பது போல இருந்தது. அந்த இடத்தில் ஓட ஒரு பட்டன் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சண்டையில் வேண்டாம் என்றால் சண்டையில் அழுத்தாதீர்கள். வேண்டவே வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள். இதில் என்ன பிரச்சினை என்று உண்மையிலேயே புரியவில்லை.

நீலவாள்

வேகன், காலியான பாலம் பற்றிச் சொன்னது நியாயம். அந்த மிஷனுக்கு வக்காலத்து வாங்க எனக்கே மனம் வரவில்லை.

ஆனால் ‘சண்டையில் அழுத்தாதே’ என்பதை யோசித்துப் பாருங்கள். முதல் பாகத்தில் எதிரிகள் சுடுவது பெரும்பாலும் பிளாஸ்மா. அது தோட்டா மாதிரி உடனே வந்து பாயாது, கண்ணுக்குத் தெரியும்படி மிதந்து வரும். எலைட் என்ற எதிரி வீரன் ஒருவன் சரமாரியாகச் சுடும்போது நீங்கள் இடமும் வலமுமாக ஆடினால் பாதிக்கு மேல் பக்கத்தில் போய்விடும். ஒட்டிக்கொள்ளும் குண்டும் அப்படித்தான், வளைந்து வரும் நீலப் பந்தைப் பார்த்துவிட்டு ஓரடி விலக நேரம் இருக்கும். சீஃபின் நடை வேகம், பிளாஸ்மாவின் வேகம், ஷீல்டு, அதாவது அடியைத் தாங்கும் காப்பு, திரும்ப ஏற எடுக்கும் நேரம் மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஷீல்டு போனதும் அந்த ஒரு தூணுக்குப் பின்னால் போய்ச் சேர முடியுமா முடியாதா என்ற அந்தப் பதைப்புதான் லெஜண்டரி என்ற மிகக் கடினமான நிலையின் உயிர்.

இப்போது ஸ்ப்ரிண்ட் கொடுங்கள். தூண் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். அதை ஈடுகட்ட எதிரியின் அடியைக் கூட்ட வேண்டும், அல்லது தூணைத் தள்ளி வைக்க வேண்டும். அப்படிச் செய்துவிட்டால், அணைத்துவிட்டு ஆடும் நான் என்ன ஆவேன்? மிஷனை ஒரு வேகத்துக்குத்தான் அளவெடுக்க முடியும். எந்த வேகத்துக்கு அளவெடுத்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

பழைய_லாபி

நான் ஆட ஆரம்பித்தபோது ஆன்லைன் கிடையாது. நான்கு பெட்டிகளைக் கம்பியால் இணைத்துப் பதினாறு பேர் ஆடுவோம். அந்தக் காலத்துப் பெருமை போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

ஹேலோ 3-இல் ஒரு சாதாரணச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டில் ரைஃபிளில் ஒருவனை வீழ்த்த நான்கு பர்ஸ்ட் (ஒரே அழுத்தில் பாயும் தோட்டாக் கொத்து), மூன்றில் ஷீல்டு போகும், நான்காவது தலையில். நீங்கள் முதல் இரண்டைச் சரியாக வைத்துவிட்டீர்கள். எதிராளிக்குப் புரிந்துவிட்டது. அவன் மூலைக்குப் போக வேண்டுமானால் உங்கள் அதே வேகத்தில், பின்பக்கமாகவோ குறுக்காகவோதான் போக முடியும். போகும்போதும் அவன் துப்பாக்கி உங்களைப் பார்த்துத்தான் இருக்கும். அதனால் நீங்கள் துரத்துவதும் ஆபத்து, அவன் ஓடுவதும் ஆபத்து. இரண்டு பேருமே யோசித்தாக வேண்டும்.

ஸ்ப்ரிண்ட் இருக்கும் ஆட்டத்தில் அதே ஆள் முதுகைக் காட்டிவிட்டு மூலை திரும்பிவிடுவான். துரத்தினால் நீங்களும் துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டும். மூலையில் அவன் திரும்பி நின்றுகொண்டிருப்பான், உங்கள் துப்பாக்கி மேலே வருவதற்குள் முடிந்தது. தப்பு செய்தவனுக்குப் பரிசு, சரியாகச் சுட்டவனுக்குத் தண்டனை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2015-இல் ஹேலோ 5 வந்தபோது, ஓடிக்கொண்டிருக்கும் வரை ஷீல்டு ஏறாது என்று ஒரு விதியே வைத்தார்கள். நோய் இல்லாமலா மருந்து?

வேகன்99

அந்த மருந்து இன்ஃபினிட்டில் இல்லை. ஓடினாலும் ஷீல்டு ஏறுகிறது. அப்போ நோய் குணமாகிவிட்டதா? 😄

பழைய_லாபி

குணமாகவில்லை தம்பி, நோயையே சின்னதாக்கிவிட்டார்கள். இன்ஃபினிட்டில் ஓட்டத்துக்கும் நடைக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஓடித் தப்பிக்க முடியாத அளவுக்குக் கொஞ்சம். அப்புறம் அந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

கணக்குப்பிள்ளை

மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையான வேகம், வேகமாகத் தெரிவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக ஆகும் நேரம்.

வேகன் சொன்ன ‘சேறு’ இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். பழைய ஹேலோக்களில் பார்வைக் கோணம் குறுகலானது, திரையின் ஓரத்தில் எதுவும் விரைந்து கடந்து போவதில்லை. கூடவே குதித்தால் நிதானமாக மேலே போய் நிதானமாக இறங்கும் அந்த மிதப்பு. பிசியில் மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷனைத் திறந்து பார்வைக் கோணத்தை 70-இலிருந்து 100-க்கு இழுத்துவிட்டு அதே பாலத்தில் நடந்து பாருங்கள். ஒரு நொடிகூட மிச்சமாகாது. ஆனால் சேறு வற்றிவிடும். ஸ்ப்ரிண்ட் ஓடும்போது கேமரா குலுங்குவதும் கைகள் ஆடுவதும் மூச்சுச் சத்தமும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பாதி நடிப்பு.

மூன்றாவதுதான் சுவாரசியம். ஒரு உதாரணத்துக்கு, ஓட்டம் நடையைப் போல 1.3 மடங்கு என்று வையுங்கள். பழைய மேப்பில், அதாவது ஆடுகளத்தில், அதை அப்படியே விட்டால் எல்லோரும் எல்லா இடத்துக்கும் சீக்கிரம் வந்துவிடுவார்கள், ராக்கெட் இருக்கும் இடத்துக்கும் எதிரியின் முதுகுக்கும். ஆகவே மேப்பை நீட்டுவார்கள். நீளத்தில் 1.3 மடங்கு, அகலத்திலும் 1.3 மடங்கு. பரப்பு 1.69 மடங்கு ஆகிவிட்டது. அதே எட்டுப் பேர்தான். இப்போது ஓடினால் பழையபடி அதே நேரத்தில் போய்ச் சேர்வீர்கள். லாபம் பூஜ்யம். ஆனால் சண்டை நடப்பது நடை வேகத்தில், அதாவது மறைவிடங்களுக்கு நடுவே உள்ள தூரம் சண்டைக்காரனுக்கு 1.3 மடங்கு கூடிவிட்டது. ஓடாமல் இருப்பது தண்டனை, ஓடுவதில் பரிசு இல்லை.

ஹேலோ 2-இன் மிட்ஷிப் மேப்பை ஹேலோ 5-இல் ‘ட்ரூத்’ என்று மறுபடி செய்தபோது வந்த சண்டையெல்லாம் இதைப் பற்றித்தான். மிட்ஷிப்பில் ஒருவன் குதித்து நடு மேடைக்கு வருவதற்கும் நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்கும் நடுவே இருந்த அந்த நெருக்கம் போய்விட்டது என்று சொன்னவர்கள் நிறைய.

ஆனால் நீலவாள், உங்களுக்கும் ஒரு கேள்வி. நகர்வுக்கு என்றே சேர்த்த எல்லாம் கெடுதல் என்றால் ஆளைத் தூக்கி எறியும் ஹேலோ 3-இன் மேன் கேனனை ஏன் யாரும் திட்டவில்லை? பிளட் கல்ச் மேப்பில் டெலிபோர்ட்டர் இல்லாமல் வார்த்தாக் வண்டியும் கிடைக்காமல் எதிர்த் தளம் வரை நடந்திருக்கிறீர்களா?

நீலவாள்

நடந்திருக்கிறேன். பாதி வழியில் ஸ்னைப்பர் முடித்துவிட்டான், மீதியை நடக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: மேன் கேனன் மேப்பில் இருக்கிறது, என் காலில் இல்லை. எங்கே தூக்கி எறியும், எங்கே விழுவேன் என்று எதிரிக்கும் தெரியும். வேகத்துக்கு ஒரு முகவரி உண்டு. வார்த்தாக், கிராவிட்டி லிஃப்ட், டெலிபோர்ட்டர் எல்லாமே அப்படித்தான்.

ரீச்வாசி

வந்துவிட்டேன். ‘ஹேலோ ரீச்’ பாகத்தை யாரும் தொடவில்லை, ஆச்சரியம்.

ஸ்ப்ரிண்ட் முதலில் வந்தது ரீச்சில்தான், 2010-இல். ஆனால் அங்கே அது இலவசம் இல்லை, ஆர்மர் அபிலிட்டி என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் கவசத் திறன்களில் ஒன்று. ஓட்டத்தை எடுத்தால் ஜெட்பேக் கிடையாது, ஹோலோகிராம் கிடையாது. அதுவும் கொஞ்ச நேரம்தான் ஓடலாம், அப்புறம் காத்திருக்க வேண்டும். எதிரி ஓடுகிறான் என்றால் அவன் கையில் வேறு தந்திரம் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இது ஒரு நேர்மையான பேரம். 2012-இல் ஹேலோ 4 தான் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. நீங்கள் திட்டுவதெல்லாம் அந்த முடிவை, பழி மட்டும் ரீச்சின் தலையில்.

உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும் விதியும் ரீச்சில் உண்டு. முதல் பாகத்திலும் அது உண்டு, தரையைத் தொடும் நேரம் பார்த்துக் குனிந்தால் தப்பிக்கலாம். அதெல்லாம் ஒரு வித்தை.

அசையாமல் நின்று அடியைத் தாங்கிக்கொள்ளும் ஆர்மர் லாக்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இடதுகட்டைவிரல்

ரொம்ப நாளாகப் படிப்பேன், எழுதியதில்லை. என் பெயரே காரணத்தைச் சொல்லிவிடும்: இடது கட்டைவிரலில் மூட்டு வலி. இந்தச் சண்டையில் விரல்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதல் பாகத்தில் குனிவது இடது ஸ்டிக்கை உள்ளே அழுத்துவது. குதிப்பது ஏ பட்டன். ஒரு மேடையின் விளிம்பு குதித்தால் எட்டும் உயரத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தால், குதித்து, உச்சிக்குப் போகும் நேரம் ஸ்டிக்கை அழுத்திக் கால்களை மடக்கி, முன்னால் தள்ளிக்கொண்டே ஏற வேண்டும். ஸ்டிக்கை அழுத்திக்கொண்டே தள்ளுவது இருக்கிறதே, எனக்கு அது ஊசி. ஹேலோ 5-இல் கிளாம்பர் வந்தபோது, விளிம்பில் கை வைத்து ஆளே ஏறிக்கொண்டபோது, நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அதே ஆட்டத்தில் ஓடுவதற்கு என்ன பட்டன்? இடது ஸ்டிக்கை அழுத்துவது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டனை மாற்றி வைத்துத்தான் ஆடுகிறேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குனிந்து குதித்து ஏறுபவனின் துப்பாக்கி கீழே இறங்குவதில்லை. ஏறிய கணமே சுடலாம். கிளாம்பரில் இரண்டு கையும் விளிம்பில். மேலே ஒருவன் காத்திருந்தால் நான் அவனுக்கு வைத்த விருந்து. என் விரலுக்கு நல்லது என் ஆட்டத்துக்கு நல்லதாக இல்லை. நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

இது நல்ல பதிவு. கிளாம்பர் மேப்பையும் மாற்றிவிடுகிறது. பழைய மேப்பில் ‘குதித்தால் எட்டும்’, ‘குனிந்து குதித்தால் எட்டும்’, ‘குண்டு வெடிப்பில் ஏறினால்தான் எட்டும்’ என்று உயரத்துக்கு மூன்று படி இருந்தது. தெரிந்தவனுக்கு ஒரு வழி, தெரியாதவனுக்கு ஒரு வழி. கிளாம்பர் முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

ஆனாலும் ஆடுகிறவர்கள் விடவில்லை. இன்ஃபினிட்டிலும் விளக்கு, குழாய், சுவரின் மெல்லிய விளிம்பு எல்லாவற்றிலும் கால் வைத்துப் புது வழி கண்டுபிடித்தார்கள். 2022 மே மாதம் இரண்டாம் சீசனில் அவற்றில் சிலவற்றை அடைத்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கிறதா? அடைத்தவற்றில் சிலவற்றை அப்புறம் திறந்துவிட வேண்டியதாயிற்று. ஸ்ப்ரிண்டுக்காக யாரும் அப்படிக் கத்தியதாக எனக்கு நினைவில்லை. கற்றுக்கொண்ட தாவலைப் பிடுங்கினால்தான் வலிக்கும்.

கதைப்பித்தன்

கதைப்படி ஸ்பார்டன் என்பவன், மாஸ்டர் சீஃப் மாதிரி வீரன், அரை டன் கவசத்தோடு வண்டிக்கு ஈடாக ஓடுவான். அவனை நடக்க வைப்பதுதான் அபத்தம்.

ரீச்வாசி

கதைப்படி அவன் ஓடிக்கொண்டே குறி தப்பாமல் சுடவும் செய்வான். துப்பாக்கியை ஏன் தாழ்த்துகிறான்?

கதைப்பித்தன்

...இதற்கு நாளை வருகிறேன்.

வேகன்99

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ‘வேகத்துக்கு ஒரு முகவரி’ என்று நீலவாள் சொன்னது மண்டையில் ஒட்டிக்கொண்டது. இன்ஃபினிட்டில் எனக்கு மிகவும் பிடித்த நகர்வு எது என்று யோசித்தேன், ஸ்ப்ரிண்ட் இல்லை. கிராப்பிள்ஷாட், கொக்கிக் கயிறு. கேம்பைனில், அதாவது கதை ஆட்டத்தில், அது எப்போதும் கையில். மல்டிபிளேயரில் மேப்பிலிருந்து எடுக்க வேண்டும், எண்ணி வைத்த சில வீச்சுகள், அவ்வளவுதான். தூரத்தில் கிடக்கும் துப்பாக்கியை இழுத்துக் கையில் வாங்கலாம், எதிரியின் வண்டிமேல் போய் ஏறலாம். கயிறு எங்கிருந்து வருகிறது என்று அவனும் பார்க்கலாம். அது மேன் கேனன் வகையறாதான், பையில் போட்டுக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஸ்ப்ரிண்ட் இல்லாத இன்ஃபினிட் அலுப்பாக இருக்கும் என்பதில் நான் இன்னும் பிடிவாதம்தான். பேச்சு எதற்கு? கஸ்டம் கேமில் ஸ்ப்ரிண்டை அணைக்கலாம், நடை வேகத்தையும் மாற்றலாம். அக்வேரியஸ் மேப், நாலுக்கு நாலு, 50 கில் வரை. முதலில் ஸ்ப்ரிண்ட் இல்லாமல், அப்புறம் வழக்கம் போல, மூன்றாவதாக ஸ்ப்ரிண்ட் இல்லாமல் நடை வேகத்தை 110 விழுக்காடாக்கி. நாளை இரவு. யார் யார்?

பழைய_லாபி

ஆடியாயிற்று. எட்டுப் பேர் சேர்ந்ததே பெரிய விஷயம். பார்த்ததை எழுதுகிறேன், நீதிபதியாக அல்ல.

முதல் ஆட்டம், ஸ்ப்ரிண்ட் இல்லாமல். முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் புலம்பினார்கள். செத்துப் பிறந்து சண்டைக்குத் திரும்பி வர நீண்ட நேரம் ஆவது போல ஓர் உணர்வு. அதற்கப்புறம் ஒரு மாற்றம் வந்தது. தனியாக யாரும் முன்னால் ஓடிப் போய்ச் சாகவில்லை, ஏனென்றால் முன்னால் ஓடவே முடியாது. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து நகர ஆரம்பித்தோம், யாரும் சொல்லாமலே. ஓரிடத்தில் நான் வேகனைக் கீழ்ப்பாதையில் பிடித்தேன், இரண்டு பர்ஸ்ட் வைத்துவிட்டேன். வழக்கமாக இந்நேரம் அவன் முதுகுதான் தெரியும். அவன் பின்னாலேயே நகர்ந்துகொண்டு, தூணின் விளிம்பைத் தோளால் உரசிக்கொண்டு, சுட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நொடியில் விழுந்தோம். ஹெட்செட்டில் இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஆட்டத்தில் அதிக கில் யார் என்று நினைக்கிறீர்கள்? வேகன்.

இரண்டாவது, வழக்கமான ஆட்டம். எழுத ஒன்றும் இல்லை, தினமும் ஆடுவதுதான்.

மூன்றாவதுதான் என் வாயை அடைத்தது. ஸ்ப்ரிண்டை எடுத்துவிட்டு அடிப்படை வேகத்தைக் கூட்டினால் போதும் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தவன் நான். கூட்டினோம். பக்கவாட்டு ஆட்டமும் கூடிவிட்டது. யாராலும் யாரையும் நாலு பர்ஸ்டில் முடிக்க முடியவில்லை. குறுக்குக்குறி ஒரு பக்கம் போகிறது, ஆள் மறுபக்கம் போய்விட்டான். சண்டை நீண்டது, நீண்டால் மூன்றாவது ஆள் வந்துவிடுகிறான். மவுஸில் ஆடிய இரண்டு பேருக்கு மட்டும் கொண்டாட்டம். வேகத்தை மட்டும் கூட்டினால் போதாது, துப்பாக்கியையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்று இப்போதுதான் உறைக்கிறது.

கணக்குப்பிள்ளை

அந்த மேப் ஸ்ப்ரிண்டை மனதில் வைத்துக் கட்டியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனை சரியில்லை என்று சொல்லவில்லை. பழைய அளவில் ஃபோர்ஜில் (ஆடுகிறவர்களே மேப் கட்டும் கருவி) கட்டிய மேப்பில் இதையே ஒருமுறை ஆடினால்தான் கணக்கு நேராகும்.

நீலவாள்

எல்லாவற்றையும் பழைய_லாபி எழுதிவிட்டார், ஒன்றைத் தவிர. நல்ல மனது. நானே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ப்ரிண்ட் இல்லாத முதல் ஆட்டம் முழுவதும் என் இடது கட்டைவிரல் ஸ்டிக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. பிறந்ததும் ஓர் அழுத்து. மூலை திரும்பியதும் ஓர் அழுத்து. ஒன்றும் நடக்காது என்று தெரியும், இந்த இழையைத் தொடங்கியவனே நான்தான், இருந்தும் அழுத்தினேன். ஒருமுறை வேகன் கேட்டான், ‘ப்ரோ, மைக்கில் என்ன டிக் டிக் சத்தம்?’ என்று. சிக்னல் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

வேகன்99

தெரியும் ப்ரோ 😂

என் கட்சி மாறவில்லை, காலியான பாலத்தில் எனக்குப் பட்டன் வேண்டும். ஆனால் அந்தத் தூண் சண்டை மாதிரி இன்னொன்று வேண்டும். சனிக்கிழமை கணக்குப்பிள்ளை சொன்னபடி பழைய அளவு ஃபோர்ஜ் மேப்பில் லாபி திறக்கிறேன். இடதுகட்டைவிரல், உங்களுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன், அழுத்த வேண்டிய வேலை குறைவு. நீலவாள், நீங்கள் மைக்கை அணைத்துவிட்டு வாருங்கள்.